பிஸ்கட் சில்லும் பத்து விரலும்

மார்கழி பிறந்தால் எங்கள் தெருவில் கோலத்தைப் பற்றிப் பேச்சு, கோவில் மைக்கைப் பற்றிப் பேச்சு. எனக்கு என் கையைப் பற்றித்தான் கவலை. முதலில் விரல் மூட்டுகளில் சாம்பல் பூசியது போல வெள்ளை படியும். அப்புறம் தோல் இழுக்கும். பத்து நாளில் கட்டை விரல் ஓரத்தில் ஒரு வெடிப்பு, ஆள்காட்டி விரல் மடிப்பில் ஒன்று. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி உள்பக்கமாக வளைந்துபோன என் வலது சுண்டு விரலில், அந்த வளைவிலேயே ஒன்று. புளி கரைக்கும்போது உயிர் போய் உயிர் வரும். “கொஞ்சம் எண்ணெயத் தடவேன்” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அதைத்தான் நான் செய்யக் கூடாது.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டீக் கோப்பை, ஊறுகாய் ஜாடி, விளக்கு என்று செய்கிறோம். முதல் ஆறு வருடம், அச்சிலிருந்து எடுத்த ஈரக் கோப்பைகளின் பிசிறைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது வருடம்தான் கிளேஸ் தொட்டிக்கு மாற்றினார்கள். முதல் சூளையில் வெந்து, பளபளப்பு ஏதும் இல்லாமல் சொரசொரப்பாக வரும் சரக்கை நாங்கள் பிஸ்கட் என்போம். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் குடித்துவிடும். அந்தப் பிஸ்கட்டைத் துடைத்து, மோர் பதத்தில் இருக்கும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து, மறுபடி சூளையில் வைத்தால் கண்ணாடி மாதிரி மேல்பூச்சு ஏறும். முக்குவது லேசு என்று நினைப்பீர்கள். ஒரு மூச்சு அதிகமாக வைத்திருந்தால் பூச்சு தடித்துவிடும், ஒரு மூச்சு குறைந்தால் சரக்கு சோகை பிடித்தது போல் வரும். அந்த இடம் கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொட்டிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பிஸ்கட் கிளேஸை ஏற்றுக்கொள்ளாது. முக்கும்போது பிடித்த மாதிரிதான் தெரியும். சூளைக்குள் உருகும்போது அந்த இடத்தை விட்டு விலகிவிடும். அதனால் தொட்டியில் நிற்கிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்தால் துண்டு கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். வேலை நேரத்தில் முடியைத் தொடக் கூடாது, கழுத்தைச் சொறியக் கூடாது. மதியச் சோற்றை ஸ்பூனால் சாப்பிட வேண்டும். பழகிப் பழகிக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னை அறியாமல் ஸ்பூன் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக். எங்கள் வீட்டில் தாழ்ப்பாளில் கிரீஸ், சுவிட்சில் கிரீஸ், சோப்பு டப்பாவில் கிரீஸ். “மெக்கானிக் பொண்டாட்டி கையில எண்ணெய் படக் கூடாதாம், கேட்டியா கதைய” என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

தொட்டியில் என்னோடு நின்றது ஓர் அக்கா. கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிளேஸ் கலக்குவது, சல்லடையில் வடிகட்டுவது அவர் பொறுப்பு. துடைப்பதும் முக்குவதும் என் பொறுப்பு. அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இவர் என்னைப் பற்றி மனதுக்குள் என்ன நினைக்கிறாரோ என்று குடைந்துகொண்டே இருக்கும்.

நாலைந்து வருடத்துக்கு முந்திய மார்கழி அது. நான் தொட்டிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பொங்கலுக்காக ஒரு கடைக்காரர் நீல நிறக் கோப்பைகள் கேட்டிருந்தார். அந்த வருடம் வாடைக் காற்று அதிகம். கையைத் தொட்டியில் நனைப்பதும் காயவிடுவதுமாக நாள் முழுக்கப் போகும். கிளேஸில் இருக்கும் மண், தோலில் மிச்சமிருக்கும் பசையையும் இழுத்துவிடும். அன்று மதியம் சுண்டு விரல் வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்தது. எரிச்சல் தாங்கவில்லை. பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது. குளிரில் உறைந்து கிடந்த எண்ணெயை ஸ்பூன் காம்பால் சுரண்டி எடுத்து, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று, வெடிப்பு வெடிப்பாக வைத்து அழுத்தினேன். என்ன சுகம்! கொஞ்ச நேரம் கழித்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். கை காய்ந்து, கீச்சென்று சத்தம் போட்டது. சுத்தமாகிவிட்டது என்று மனப்பூர்வமாக நம்பித்தான் தொட்டிக்குப் போனேன். சத்தியமாக நம்பினேன். ஆனால் கழுவத்தான் வேண்டும் என்று தெரிந்தவளுக்குத் தடவக் கூடாது என்றும் தெரியும்.

இரண்டு நாள் கழித்துச் சூளை திறந்தார்கள். நான் வரும்போதே முதலாளி நடுக்கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அரைச் சூளைக் கோப்பையில் திட்டுத் திட்டாகப் பூச்சு விலகி, நீலத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சொட்டை விழுந்திருந்தது. தேமல் பிடித்த மாதிரி இருந்தது பார்க்க.

“என்னாக்கா கலக்குனீங்க? சல்லட போட்டீங்களா இல்லியா? கட்டி கட்டியா நின்னா இப்பிடித்தான் விட்டுப் போவும்.”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சல்லடை போட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை.

“நாளையிலேருந்து கலக்கறத நானே பாத்துக்கறேன். நீங்க பேக்கிங்குக்குப் போங்க.”

எனக்கு அப்போது உண்மையிலேயே எதுவும் உறைக்கவில்லை. ‘பாவம், வயசாகிறது, கண் மங்கியிருக்கும்’ என்று பெரிய மனுஷி மாதிரி நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெந்நீரில் கால் கழுவ உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் குதிகால் தேய்க்க யாரும் கல் வாங்க மாட்டார்கள். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் வீடுகளில் உடைந்த பிஸ்கட் சில்லு ஒன்று குளியலறையில் கிடக்கும். பித்தவெடிப்புக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. என் சில்லையும் எடுத்துத் தேய்த்துவிட்டு, தண்ணீரில் அலசி, திட்டில் வைத்தேன். சில்லு முழுக்கத் தண்ணீரைக் குடித்துக் கறுத்துப்போனது. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் குடிக்காமல் முத்து முத்தாக நின்றது. நான் சில்லைப் பிடித்திருந்த இடம்.

கையைத் திருப்பிப் பார்த்தேன். வெந்நீர் பட்டு இளகியிருந்த வெடிப்புகளின் ஓரத்தில் லேசாக மினுமினுப்பு. மேல்தோலைத்தான் சோப்பு கழுவியிருக்கிறது. வெடிப்புக்குள் உறைந்து உட்கார்ந்திருந்த எண்ணெய், கை சூடேறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. ஒவ்வொரு கோப்பையையும் இந்தக் கையால்தான் பிடித்துத் துடைத்தேன். அக்கா கலக்கியதில் ஒரு குறையும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சொன்னா ஒன் எடம் போயிடுமேடி” என்றார்.

“சொல்லலேன்னா அவங்க எடம் போயிடும்” என்றேன்.

“சரி. அப்ப சொல்லிடு” என்றார்.

மறுநாள் காலை முதலாளி பூட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்டில் நின்றேன். சில்லையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். என் விரலை அழுத்தி, தண்ணீர் சொட்டிக் காட்டினேன். “நான்தான் சார். அக்கா மேல தப்பில்ல” என்றேன். அவருக்கு வந்த கோபத்துக்கு என்னைக் கேட்டோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உள்ளே போய்ச் சல்லடையை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். என்னைப் பார்த்து, “நீ பேக்கிங்குக்குப் போ. பொங்கல் முடிஞ்சு பாக்கலாம். கை இப்பிடியே இருந்தா தொட்டிக்கு வேற ஆளப் போட்டுருவேன்” என்றார்.

அக்கா சல்லடையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். என்னிடம் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. நான் வைக்கோலும் பழைய பேப்பரும் வைத்துக் கோப்பை கட்டப் போனேன். வைக்கோல், வெடிப்பைத் தேடித் தேடிக் குத்தியது. ஆறு வருடம் பிசிறு சுரண்டி வாங்கிய இடம். தோல் காய்ந்த காரணத்துக்காக அதை விட்டுக்கொடுப்பதா? முடியாது என்று முடிவு செய்தேன். பொங்கலுக்குள் இந்தக் கையை ஒரு வழி பண்ணிவிடுவது என்று மனதுக்குள் சூளுரைத்துக்கொண்டேன்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மருந்துக் கடைக்காரர் கையுறை போடச் சொன்னார். கையுறை போட்டால் கோப்பை வழுக்கும், பூச்சின் கனம் விரலுக்குத் தெரியாது. டப்பாவில் வரும் கிரீமைப் பூசிப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் சில்லில் தண்ணீர் முத்து நின்றது. டப்பாவைத் தூக்கி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அந்த மார்கழியில் அவர் கைதான் பட்டுப்போல் இருந்தது.

எனக்கு வேண்டியது இரண்டு. கை ஆற வேண்டும். காலையில் சில்லு என் விரல் பட்ட இடத்திலும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். ஒன்று நடந்தால் மற்றது நடக்கவில்லை. நல்லெண்ணெய் தடவினால் வெடிப்பு மூடியது, சில்லு தோற்றது. மூன்று நாள் எதுவும் தடவாமல் விட்டேன். சில்லு ஜெயித்தது, கை ரத்தம் விட்டது. வேப்பெண்ணெயில் மெழுகைக் கரைத்துக் குழைத்ததைக் குதிகாலுக்குப் போட்டேன். கால் தேறிவிட்டது. காலால் கோப்பை முக்க முடியுமானால் அன்றே வேலைக்குத் திரும்பியிருப்பேன்.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து சோற்றுக்கற்றாழை வாங்கி வந்தேன். அவசரத்தில் மடலை வெட்டிய கையோடு தேய்த்துக்கொண்டதில் மஞ்சள் பால் பட்டு முழங்கை வரை அரித்தது. மறுநாள் மடலை நிமிர்த்தி வைத்து, பால் முழுவதும் வடிந்த பிறகு, உள்ளே இருக்கும் வழவழப்பை மட்டும் கழுவி எடுத்துத் தடவினேன். எரிச்சல் அடங்கியது. சில்லும் தண்ணீரைக் குடித்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் தோல் மறுபடி இழுத்தது. விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போய்விடுகிறது என்று வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

வழி வடிகஞ்சியில் கிடைத்தது. ஒரு காலை சோறு வடித்துவிட்டு, சட்டியை நகர்த்தும்போது கை கஞ்சிக்குள் போய்விட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. இரண்டு கையையும் உள்ளே வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே எடுத்து வெறும் தண்ணீரில் அலசியபோது தோல் துவண்டு, மெத்தென்று இருந்தது. சில்லை எடுத்து அழுத்திச் சொட்டுவிட்டேன். ஒரே மடக்கில் குடித்தது. “ஏங்க, இங்க வந்து பாருங்க” என்று நான் போட்ட சத்தத்தில், பைக் ஏதோ விழுந்துவிட்டது என்று அவர் வாசலுக்கு ஓடினார்.

அன்றிலிருந்து ஒரு முறை வகுத்துக்கொண்டேன். வேலையிலிருந்து வந்ததும் கை கழுவி, ஈரம் முழுக்கக் காயும் முன்பே நெய்யை விரல் விரலாகத் தேய்த்து, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்வேன். அந்தக் கட்டோடு என்னால் பாத்திரம் தேய்க்க முடியாது. வீட்டுக்காரர்தான் தேய்த்தார். தேய்த்த பாத்திரத்தில் கிரீஸ் வாடை அடித்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை நான். படுக்கப் போகும் முன் கட்டை அவிழ்த்துப் பயத்தமாவால் கழுவுவேன். காலையில் கஞ்சியில் கை, அப்புறம் சில்லு. சோப்பை நிறுத்தினேன். எனக்குக் குளிர்காலத்தில் ஆவி பறக்கும் வெந்நீர் இல்லாவிட்டால் குளித்த மாதிரியே இருக்காது. அதுதான் தோலை உரித்தெடுக்கிறது என்று புரிந்ததும் அதையும் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு வெதுவெதுப்புக்கு இறங்கினேன். நெய்யை விட்டாலும் விடுவேன், வெந்நீரை விட்டதுதான் பெரிய தியாகம்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் நிறையக் குடி, தோல் தானாகத் தேறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் கம்பெனி கக்கூஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வெளியே ஒருத்தி காவல் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து பெண்கள் யாரும் மதியம் வரை தண்ணீரைத் தொட மாட்டோம். வருடக்கணக்காக முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். இனிமேல் சொல்வதாக இல்லை என்று, வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஒரு கொக்கியும் இரண்டு ஸ்க்ரூவும் எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் நானே கதவில் முடுக்கினேன். முதலாளி பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து எல்லோர் பையிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. அக்காவும் ஒன்று கொண்டுவந்தார். அப்போதும் என்னிடம் பேசவில்லை.

அது என்னை அரித்தது. கை வலித்ததைவிட அதிகமாக வலித்தது. திட்டியிருந்தால் தேவலை. அவர் பட்ட பேச்சுக்கு என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். பேக்கிங் மூலையிலிருந்து பார்த்தால் அவர் முதுகுதான் தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே பொங்கல் வரை வைக்கோல் சுற்றினேன்.

வெடிப்பு ஒவ்வொன்றாக மூடியது. கட்டை விரல் முதலில் ஆறியது, ஆள்காட்டி விரல் அடுத்தது. சுண்டு விரல் வளைவுதான் கடைசி வரை அடம்பிடித்தது. போகிக்கு இரண்டு நாள் முன்னால் அதுவும் மூடிவிட்டது. எண்ணெய் ஒளிந்துகொள்ள இப்போது என் கையில் இடமே இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாக்க நல்லாத்தான் இருக்குது. சூளையில என்னாவுமோ?”

“சூளையிலயே பாத்துடலாம் சார்” என்றேன்.

அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் கோப்பையை எடுத்தேன். பத்து விரலையும் விரித்து, அதன் உடம்பு முழுக்க அழுத்திப் பிடித்தேன். மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். பிறகு அக்கா கலக்கி வைத்திருந்த தொட்டியில் முக்கி எடுத்து, பலகையில் வைத்தேன். அடியில் ஆணியால் ஓர் அடையாளமும் கீறினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தொட்டியைக் கலக்குவதை நிறுத்தவில்லை.

சூளை ஆறித் திறக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திறந்ததும் முதலாளியே கையை விட்டு என் கோப்பையைத் தேடி எடுத்தார். வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விளிம்பிலிருந்து அடிவரை ஒரே நீலம். ஊசி முனை அளவுகூட விலகவில்லை. கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, “போ, போயி வேலையப் பாரு” என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.

அக்கா நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பலகை சரக்கு முடியும்வரை வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குனிந்து, கிளேஸ் மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டு, பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்தேன். பழைய சூளையில் கெட்டுப்போன நீலக் கோப்பை. மற்றவற்றில் எல்லாம் வெறும் திட்டுத்தான் இருந்தது. இதில் முழுக் கையும் விழுந்திருந்தது. நாலு விரல் வெள்ளை வெள்ளையாக வரிசைக்கு நிற்க, கடைசிச் சுண்டு விரல் நுனியில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

“இது எப்பக்கா எடுத்தீங்க?”

“சூள தெறந்த அன்னைக்கே. ஓனரு கண்ணுல படறதுக்கு முன்னாடி.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா அந்தப் பேச்ச வாங்கிக்கிட்டு நின்னீங்க?”

“ஒனக்கு அப்பத்தான எடம் கெடச்சுது” என்றார். சல்லடையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

“நான் வந்து சொல்லாம இருந்திருந்தா?”

“சொல்லலேன்னா இந்தக் கோப்பய நீ பாத்தே இருக்க மாட்ட.”

அவ்வளவுதான். அன்றைய பத்து வார்த்தைக்கு மேலேயே பேசிவிட்டார். சல்லடையை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டியை வடிகட்டப் போய்விட்டார்.

கோப்பை இப்போது என் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. பக்கத்திலேயே அந்தச் சில்லும். இந்த மார்கழியிலும் சோறு வடித்து, கஞ்சியில் கையை வைத்து எடுத்து, சில்லில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் டீ போடுகிறேன். அந்தக் கோப்பையில்தான் குடிக்கிறேன். சுண்டு விரலைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைக்காமல் அதைத் தூக்க எனக்கு வராது.